குழந்தையின் தாய், கிண்டியில் என்ஜினீயரிங் மாணவி!

விளாத்திகுளம் வட்டாரத்தில் ஆவணி மாதம் என்றால் கையில் காசு ஓட்டமில்லாத மாதம்.

கரிசல் காட்டில் உழவு ஓட்டிப் போட்டிருப்பார்கள். புரட்டாசியில் மழை விழ வேண்டும். அதற்குள் விதை வாங்கி வைக்க வேண்டும். கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மிளகாய் எதைப் போட்டாலும் முதலில் செலவு. வரவு பிறகுதான். அதுவும் வானம் கண் திறந்தால்!

அந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரியும் திறக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளைக்கு என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். சம்பளம் கட்ட வேண்டும். பெட்டி, படுக்கை வாங்க வேண்டும். விடுதியில் சேர்க்க வேண்டும்.

பிள்ளை ஆணாக இருந்தால் பணக் கவலை மட்டும்தான். பெண்ணாக இருந்தால், அதோடு நாலு கேள்விகளும் சேர்ந்து வரும். அவ்வளவு தூரம் தனியாக அனுப்பலாமா? ஆண்பிள்ளைகள் நடுவில் எப்படிப் படிப்பாள்? இரும்பும் எந்திரமும் பெண்ணுக்கு ஏற்றதா? கல்யாணம் தள்ளிப்போகாதா?

இவை புதிய கேள்விகள் அல்ல. 1940-ம் ஆண்டில், சென்னையில் ஒரு வீட்டில், இவற்றைவிடக் கடினமான கேள்விகள் எழுந்தன. ஏனென்றால், அந்த வீட்டில் என்ஜினீயரிங் படிக்கப் புறப்பட்டவள் கன்னிப் பெண் அல்ல. அவள் ஒரு விதவை. இடுப்பில் வைத்துக் கொஞ்ச ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் லலிதா. இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர் என்று இன்று போற்றப்படுகிறவர் அவரே. அவருடைய வாழ்க்கைக் கதை இது.

என்ஜினீயர் குடும்பம்

லலிதா 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி சென்னையில் பிறந்தார். தெலுங்கு பேசும் குடும்பம். பெற்றோருக்கு 7 பிள்ளைகள். லலிதா ஐந்தாவது.

தந்தையின் பெயர் பப்பு சுப்பாராவ். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பிரிவின் பேராசிரியர். படித்தவர். புது விஷயங்களை ஆராய்ந்து பார்ப்பதில் ஆர்வம் கொண்டவர்.

வீட்டில் ஆண்பிள்ளைகள் என்ஜினீயரிங் படித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அது கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், பிறகு கல்யாணம் என்பதே வழக்கம். பேராசிரியர் வீடும் ஊரோடு ஒத்துத்தான் வாழ்ந்தது.

15 வயதில் கல்யாணம்

1934-ம் ஆண்டில் லலிதாவுக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 15.

இன்று இது நமக்கு அதிர்ச்சியாக இருக்கும். அன்று அப்படி இல்லை. பெண்ணின் கல்யாண வயது 14-க்குக் குறையக் கூடாது என்று சாரதா சட்டம் வந்ததே 1929-ல்தான். அதற்கு முன்பு 8 வயதிலும் 10 வயதிலும் தாலி கட்டினார்கள்.

ஆனாலும் சுப்பாராவ் ஒரு காரியத்தில் உறுதியாக இருந்தார். கல்யாணம் ஆனாலும் மகள் பத்தாம் வகுப்பு வரை படித்து முடிக்க வேண்டும் என்றார். அப்படியே படிக்கவும் வைத்தார். அது பின்னால் எவ்வளவு பெரிய உதவியாக வரப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

18 வயதில் விதவை

1937-ம் ஆண்டில் லலிதாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு 4 மாதம் ஆகியிருந்தபோது கணவர் இறந்துவிட்டார்.

லலிதாவுக்கு அப்போது வயது 18.

அந்தக் காலத்தில், அந்தச் சமூகத்தில், கணவனை இழந்த பெண்ணின் நிலை மிகக் கொடியது. தலையை மழித்து, ஒரே நிறச் சேலை கட்டி, மூலையில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். நல்ல காரியங்களில் முகம் காட்டக் கூடாது. எதிரே வந்தாலே சகுனம் பார்ப்பார்கள். விதவைகள் மறுமணம் செய்துகொள்ள 1856-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தது. வழக்கம் வீட்டில் இருந்தது.

லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. மூலையிலும் உட்காரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தார். அவர் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும். அதற்கு ஒரு வேலை வேண்டும். வேலைக்குப் படிப்பு வேண்டும்.

சுப்பாராவ் மகளுக்குத் துணையாக நின்றார். ஊரோடு ஒத்து 15 வயதில் மணம் முடித்துக் கொடுத்த அதே தகப்பனார், இப்போது ஊரை எதிர்த்து மகளைப் படிக்க அனுப்பினார்.

மீண்டும் புத்தகம்

லலிதா சென்னை ராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தார். கடற்கரை ஓரத்தில் 1914-ம் ஆண்டில் பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரி அது.

அங்கே அவர் படித்தது இன்டர்மீடியட். இன்றைய 11, 12-ம் வகுப்புகளுக்கு இணையாக அதைச் சொல்லலாம். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இரண்டு ஆண்டு இன்டர்மீடியட் படித்தால்தான் டாக்டர் படிப்புக்கோ, என்ஜினீயர் படிப்புக்கோ போக முடியும்.

குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். அப்படிப் படித்தும் லலிதா முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன?

டாக்டரா? என்ஜினீயரா?

படித்த பெண்ணுக்கு அன்று இரண்டு வேலைகள்தான் கண்ணில் படும். ஒன்று ஆசிரியை. மற்றொன்று டாக்டர்.

டாக்டர் படிப்பில் பெண்களுக்கு வழி எப்போதோ திறந்துவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி அங்கே படித்து 1912-ம் ஆண்டில் பட்டம் பெற்றார். பெயரும் புகழும் பெற்றார். ஆகவே லலிதாவும் டாக்டருக்குப் படிப்பது பற்றி யோசித்தார்.

ஆனால் ஒரு தடை. டாக்டருக்கு இரவு, பகல் கிடையாது. நடுச்சாமத்தில் ஆள் வந்து கதவைத் தட்டினால் எழுந்து போகத்தான் வேண்டும். குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாயும் இரவில் இல்லை என்றால் எப்படி?

காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலைதான் தனக்குச் சரிப்படும் என்று லலிதா நினைத்தார். அவர் கண்ணெதிரே அப்படி வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். அப்பா என்ஜினீயர். உடன்பிறந்தவர்களும் அதே வழி. வீட்டில் பேசுவதெல்லாம் மின்சாரமும் எந்திரமும்தான்.

தானும் என்ஜினீயர் ஆவது என்று லலிதா தீர்மானித்தார்!

கவனியுங்கள். பேர் வாங்க வேண்டும் என்றோ, முதல் பெண் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்றோ அவர் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. குழந்தையின் தூக்கம் கெடாமல் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார். ஒரு தாயின் கணக்கு அது.

கதவு திறந்தது

கிண்டி கல்லூரி மிகப் பழமையானது. 1794-ம் ஆண்டில், நிலம் அளக்கக் கற்றுக்கொடுக்கும் சர்வே பள்ளிக்கூடமாகக் கோட்டையில் தொடங்கியது. 1859-ம் ஆண்டில் என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று. 1920-ம் ஆண்டில் கிண்டிக்கு இடம் மாறியது.

இத்தனை காலத்தில் அந்தக் கல்லூரியில் ஒரு பெண் கூடப் படித்தது இல்லை. மாணவர்கள், பட்டறை ஆட்கள், ஆசிரியர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு விடுதி கிடையாது. பெண் மனுப் போடுவாள் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

சுப்பாராவ் நேராகக் கல்லூரி முதல்வரிடம் போனார். அப்போது முதல்வராக இருந்தவர் கே.சி.சாக்கோ. மகளின் மார்க்கையும் நிலைமையையும் எடுத்துச் சொன்னார். சாக்கோ மறுக்கவில்லை. ஆனால் புதிய காரியம் ஆயிற்றே! சர்க்காரின் சம்மதமும் வேண்டும். சென்னை மாகாணக் கல்வித்துறை டைரக்டராக ஆர்.எம்.ஸ்டாத்தம் என்ற வெள்ளைக்காரர் இருந்தார். விஷயம் அவரிடம் போனது. அவரும் ஆதரவு காட்டினார்.

1940-ம் ஆண்டில் லலிதா கிண்டி கல்லூரியில் மின்சார என்ஜினீயரிங் பிரிவில் சேர்ந்தார்.

தகப்பனார் அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்தது பெரிய உதவி. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த உதவி இல்லாத எத்தனையோ பெண்கள், மனுப் போடவே துணியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஆனால் சுப்பாராவ் தன் மகளை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

குழந்தை யாரிடம்?

கல்லூரியில் சேர்வது என்றால் என்னென்ன வேண்டும்? அந்தக் காலத்து என்ஜினீயரிங் மாணவருக்கு வரைபலகை வேண்டும். காம்பஸ் பெட்டி வேண்டும். பட்டறையில் போட உடுப்பு வேண்டும். கணக்குப் போடும் எந்திரம் கிடையாது. ஸ்லைடு ரூல் என்ற அளவுகோலை நகர்த்தித்தான் பெரிய பெருக்கல்களைச் செய்வார்கள். பணம் இருந்தால் இவற்றைக் கடையில் வாங்கிவிடலாம்.

லலிதாவுக்குத் தேவைப்பட்ட பெரிய பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கை!

கல்லூரி அவருக்குத் தனியாக விடுதி ஏற்பாடு செய்தது. அங்கே தங்கித்தான் படிக்க வேண்டும். குழந்தைக்கு ஏறக்குறைய 3 வயது. விடுதியில் வைத்துக்கொள்ள முடியாது.

உடன்பிறந்தவரின் குடும்பம் முன்வந்தது. தங்கள் பிள்ளையாக நினைத்து வளர்த்தார்கள். லலிதா வாரம் முழுவதும் விடுதியில் இருப்பார். சனி, ஞாயிறு வந்தால் குழந்தையைப் பார்க்க ஓடுவார். திங்கட்கிழமை மறுபடியும் பட்டறை, பாடம், பரீட்சை.

குழந்தையை விட்டுப் பிரிந்த தாயின் வேதனை தாய்மார்களுக்குச் சொல்லாமலே புரியும். ஊரில் பேசியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த வீட்டார் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. ஒருவர் மனுவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். லலிதா படித்தார். ஒரு வீடே சேர்ந்து ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்த்தது.

நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவில்

நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவில் ஒரே ஒரு பெண். எப்படி இருந்திருக்கும்?

எல்லோரும் பயந்தது ஒன்று. நடந்தது வேறு. மாணவர்கள் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆண்பிள்ளைகள் நடுவில் எப்படி என்ற கேள்விக்கு, 1940-லேயே கிடைத்த பதில் இது.

லலிதாவை வாட்டியது வேறு துன்பம். தனிமை! மாலையில் மாணவர்கள் கூட்டமாகத் தங்கள் விடுதிக்குப் போவார்கள். லலிதா மட்டும் தன்னந்தனியாகத் தன் அறைக்குத் திரும்ப வேண்டும். புரியாத கணக்கைக் கேட்கத் தோழி இல்லை. மனம் விட்டுப் பேச ஆள் இல்லை.

இதைச் சுப்பாராவ் உணர்ந்தார். மகளைச் சமாதானப்படுத்துவதோடு நிற்கவில்லை. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் பெண்களுக்கும் இடம் உண்டு என்று விளம்பரம் செய்தார்!

பலன் கிடைத்தது. அடுத்த ஆண்டில் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் லீலம்மா ஜார்ஜ். மற்றொருவர் பி.கே.திரேசியா. இருவரும் மலையாள நாட்டுப் பெண்கள். கட்டிடம், சாலை, பாலம் பற்றிய சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். விடுதியில் விளக்கு ஒன்றுக்கு மூன்று ஆயிற்று.

பேராசிரியரின் மகளுக்காகத் திறந்த கதவு, பேராசிரியரின் மகளாக இல்லாதவர்களுக்கும் திறந்தே இருந்தது. சுப்பாராவ் செய்த காரியங்களிலேயே இதுதான் பெரியது.

மின்சாரம் பரவிய காலம்

லலிதா எடுத்த மின்சாரப் பிரிவு அன்று புதிது. நாட்டில் மின்சாரம் அப்போதுதான் ஊர் ஊராகப் பரவத் தொடங்கியது.

நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-ம் ஆண்டில் வந்தது. மேட்டூர் அணை 1934-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1944-ம் ஆண்டில்தான். விளாத்திகுளமும் கோவில்பட்டியும் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. கரிசல் கிராமங்களில் இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. கிணற்றில் மாடு பூட்டிய கமலை.

தண்ணீர் மேலிருந்து விழும் வேகத்தில் சக்கரம் சுற்றும். சக்கரத்தோடு சேர்ந்து ஜெனரேட்டர் என்ற எந்திரம் சுற்றும். மின்சாரம் பிறக்கும். அதைக் கம்பி வழியாக நூறு, இருநூறு மைல் கொண்டுபோக வேண்டும். வழியில் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் துணை மின்நிலையங்கள் வேண்டும். இடி விழுந்தாலும் கம்பி அறுந்தாலும் ஆபத்து வராமல் தடுக்கும் கருவிகள் வேண்டும். இவற்றையெல்லாம் கணக்குப் போட்டு, படம் வரைந்து தருபவரே மின்சார என்ஜினீயர். லலிதா பிற்காலத்தில் செய்த வேலையும் இதுவே.

அடித்து எழுதிய சர்ட்டிபிகேட்

அது இரண்டாம் உலக யுத்த காலம். என்ஜினீயர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அதனால் படிப்புக் காலத்தைச் சில மாதங்கள் சுருக்கினார்கள். லலிதா 1943-ம் ஆண்டில் தேறினார். ஓர் ஆண்டு பின்னால் சேர்ந்த லீலம்மாவும் திரேசியாவும் ஏறக்குறைய அதே சமயத்தில் பட்டம் பெற்றார்கள்.

பட்டம் வழங்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது.

சர்ட்டிபிகேட்டுகள் முன்கூட்டியே ஆங்கிலத்தில் அச்சடிக்கப்பட்டிருந்தன. அதில் மாணவரைக் குறிக்க, ஆணுக்கு உரிய சொல்தான் இருந்தது. பெண்ணுக்கு உரிய சொல்லுக்கு இடமே இல்லை. அதனால் அச்சடித்த சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள்!

ஒரே ஒரு எழுத்துத் திருத்தம். ஆனால் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து யாரும் செய்யாத திருத்தம்.

ஜமால்பூர் பட்டறை

பட்டம் கிடைத்தால் மட்டும் போதாது. கையால் வேலை பழக வேண்டும். அதற்காக லலிதா பீகாரில் உள்ள ஜமால்பூருக்குப் போனார். அங்கே 1862-ம் ஆண்டில் தொடங்கிய பெரிய ரெயில்வே தொழிற்சாலை இருக்கிறது. ரெயில் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் இடம். அங்கே ஓர் ஆண்டு பயிற்சி பெற்றார்.

1944-ம் ஆண்டில் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் உதவி என்ஜினீயராக வேலை கிடைத்தது. சர்க்கார் உத்தியோகம்! அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. சிம்லாவில் சகோதரர் குடும்பம் இருந்தது. குழந்தையும் கூட இருக்கலாம். வேலை எங்கே என்று பார்க்கும்போதெல்லாம், அங்கே குழந்தைக்கு யார் துணை என்பதையும் லலிதா சேர்த்தே பார்த்தார்.

1946-ம் ஆண்டு முடிவில் அந்த வேலையை விட்டார். தந்தையின் ஆராய்ச்சிகளுக்கு உதவி செய்தார். மின்சாரத்தில் இயங்கும் ஓர் இசைக் கருவி, புகை இல்லாத அடுப்பு போன்றவற்றைத் தகப்பனும் மகளும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அடுப்பு ஊதிக் கண் கலங்கிய பெண்களுக்குப் புகையில்லாத அடுப்பின் அருமை தெரியும்!

ஆராய்ச்சி மனதுக்கு நிறைவு. ஆனால் குடும்பம் நடத்தப் பணம் வேண்டும். எனவே 1948-ம் ஆண்டில் லலிதா மீண்டும் வேலைக்குப் போனார்.

பக்ரா நங்கலுக்கு உழைத்த கை

கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்டிரிகல் இண்டஸ்டிரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி இருந்தது. அங்கே லலிதா என்ஜினீயராகச் சேர்ந்தார். அங்கேயும் ஒரு சகோதரரின் குடும்பத்தோடு தங்கினார்.

நாடு சுதந்திரம் அடைந்த புதிது. பெரிய பெரிய அணைகள் எழுந்தன. அவற்றில் தலையாயது பக்ரா அணை. சட்லெஜ் நதியின் குறுக்கே 226 மீட்டர் உயரத்துக்குக் கட்டினார்கள். 1963-ம் ஆண்டில் பிரதமர் நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

பக்ரா நங்கல் திட்டத்தின் ஜெனரேட்டர்கள் சம்பந்தமான வேலையில் லலிதாவுக்குப் பங்கு உண்டு. உயர் அழுத்த மின்கம்பிப் பாதைகள், துணை மின்நிலைய அமைப்பு, பாதுகாப்புக் கருவிகள் இவற்றுக்கும் திட்டம் வகுத்தார். எந்தச் சகுனத்துக்கு முன் நிற்கக் கூடாது என்று உலகம் விதவைகளை ஒதுக்கியதோ, அந்த விதவைகளில் ஒருவர் போட்ட கணக்கும் சேர்ந்துதான் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது.

லண்டனில் உள்ள மின்சார என்ஜினீயர்கள் சங்கம் 1953-ம் ஆண்டில் அவரை இணை உறுப்பினராக ஏற்றது. 1966-ம் ஆண்டில் முழு உறுப்பினர் ஆனார்.

நியூயார்க்கில் ஓர் இந்தியப் பெண்

1964-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஒரு மாநாடு. உலகத்துப் பெண் என்ஜினீயர்களும் பெண் விஞ்ஞானிகளும் முதன்முறையாக ஒன்றுகூடினார்கள். அதற்கு லலிதாவும் போனார்.

இந்தியாவில் பெண் என்ஜினீயர்களுக்கு அப்போது ஒரு சங்கம் கூட இல்லை. ஆகவே எந்தச் சங்கத்தின் பேராளாகவும் அவர் போகவில்லை. தனி ஒருவராகவே போனார். ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு இந்தியப் பெண் என்ஜினீயர் என்றால் எப்படி இருப்பார் என்று காட்டிவிட்டார். ஊர் திரும்பியபோது பத்திரிகைகள் அவரைப் பேட்டி கண்டன.

அடுத்த மாநாடு 1967-ம் ஆண்டில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் நடந்தது. அதற்கு இந்தியாவிலிருந்து ஆட்களைச் சேர்க்கும் வேலையை லலிதா எடுத்துக்கொண்டார். தந்தை அன்று விளம்பரம் செய்து தோழிகளை வரவழைத்தார். மகளும் அதே காரியத்தை நாடு முழுவதற்கும் செய்தார்.

மகளை நன்றாகப் படிக்க வைத்தார். கல்யாணமும் செய்து வைத்தார். 1977-ம் ஆண்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1979-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

கூட வந்தவர்கள் என்ன ஆனார்கள்?

லீலம்மா ஜார்ஜ் திருவிதாங்கூர் பொதுப்பணித் துறையில் என்ஜினீயராகப் பணியாற்றினார்.

திரேசியா கொச்சி சமஸ்தானப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்தார். 1971-ம் ஆண்டில் கேரள மாநிலத்தின் தலைமை என்ஜினீயர் ஆனார்! மாநிலத் தலைமை என்ஜினீயர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியப் பெண் அவரே. சாலைகளும் பாலங்களும் அவர் உத்தரவில் எழுந்தன.

லலிதாவின் தனிமையைப் போக்கச் செய்த ஒரு விளம்பரம், ஒரு மாநிலத்துக்குத் தலைமை என்ஜினீயரைத் தந்தது.

நம் வீட்டுப் பெண்கள்

1940-ம் ஆண்டில் விளாத்திகுளத்து மாணவன் ஒருவன் என்ஜினீயரிங் பட்டம் படிக்க ஆசைப்பட்டால், தொலைதூர ஊருக்குத்தான் போயிருக்க வேண்டும். மாணவியைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு நிலைமை மாறியது. 1981-ம் ஆண்டில் திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. 1984-ம் ஆண்டில் கோவில்பட்டியிலேயே நேஷனல் என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரலாம்.

பண உதவிக்கும் வழிகள் பிறந்தன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ம் ஆண்டில் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ம் ஆண்டில் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து மேல்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ம் ஆண்டில் தொடங்கியது. இவற்றைப் பெற, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கும் கல்லூரிக்குமாக அலைய வேண்டியிராது.

பெட்டியும் படுக்கையும் கடன் பட்டாவது வாங்கிவிடுவோம். ஆனால் லலிதாவின் கதை சொல்வது வேறொரு தயாரிப்பு. பெண் கல்லூரிக்குப் போனால், அவள் வீட்டில் செய்துவந்த வேலையை யார் செய்வது? தம்பி, தங்கையை யார் பார்த்துக்கொள்வது? மிளகாய் பறிக்க அந்த ஒரு கை குறையுமே, அதை யார் ஈடு செய்வது? இதை அவள் புறப்படும் முன்பே வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்து பேசிப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில்தான் ஒரு லலிதா உருவானார்.

இன்னொன்றும் உண்டு. தெருவில் உங்கள் மகளுக்கு மட்டும் இடம் கிடைத்திருந்தால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எப்படி மனுப் போடுவது என்று சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் ஒரு தோழி இருந்தால் இரண்டு பேரும் படித்து முடிப்பார்கள். சுப்பாராவ் அதைத்தான் செய்தார்.